நீலமில்லாத நீலக்கல்

உலைக்குள் பார்க்கும் துளைக்குப் பொருத்த இரண்டு வில்லைகள் வந்திருந்தன. இரண்டும் ஆலையில் வளர்த்த நீலக்கல். பெயரில்தான் நீலம், கையில் எடுத்தால் உறைந்த தண்ணீர்போல் இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவள் பிரமிளா. விளக்கொளியில் அவற்றை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதிலும் ஒரு குறையும் இல்லை. போன வருடம் அவள் தேர்ந்தெடுத்த வில்லையிலும் குறை தெரியவில்லை. அது சூட்டில் வெடித்து, உலையைக் கவனிக்கும் இசக்கிராஜாவின் இடக்கண் போயிற்று.

"எதுக்கு மேடம் இவ்ளோ யோசன?" என்றார் இசக்கிராஜா. "நீலக்கல்லுன்னா மூணு ராத்திரி தலமாட்டுல வச்சு, என்ன கனவு வருதுன்னு பாக்கணும்லா. ஒத்துக்கிட்டா ராஜயோகம், இல்லன்னா சனி."

அவர்தான் சிரித்தார். அவள் ஒரு வில்லையைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போனாள். நான்காம் நாள் காலை அதையே பொருத்தச் சொன்னாள்.

உலையை மூட்டினார்கள். சூடு ஏற ஏற வில்லைக்குப் பின்னால் சிவப்பு திரண்டு வந்தது. இசக்கிராஜா மிச்சமிருந்த கண்ணை அதனருகே கொண்டுபோனவர், பாதியில் நின்று திரும்பினார்.

"கெட்ட கனவு ஒண்ணும் வரலல்லா மேடம்?"

"வரல."

மூன்று இரவுகளும் அவள் தூங்கவே இல்லை.

"கொஞ்சம் தள்ளுங்க அண்ணாச்சி" என்று அவர் தோளை விலக்கிவிட்டு, பிரமிளா குனிந்து தன் இடக்கண்ணை வில்லையில் வைத்தாள்.

"என்ன தெரியுது?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

அவள் கண்ணை எடுக்கவில்லை.