முந்தக் கூடாதவர்

வட்டுக்கோட்டைச் சந்திக்கு ஒரு மைல்கட்டைத் தூரம் இருக்கும்போது கேதீஸ்வரன் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஈ, காக்கை இல்லை.

முன்னாலும் இல்லை.

இப்படி ஒரு வெறும் தெருவை அவன் தன் சீவியத்தில் கண்டதில்லை. குடாநாட்டைச் சுற்றி ஓடும் இந்தச் சைக்கிள் பந்தயத்தில் ஒவ்வொரு வருடமும் அவனுக்கு முன்னால் யாழ்ப்பாணத்து றிம்ஸானின் முதுகு இருக்கும். அந்த முதுகில் வியர்வை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது கேதீஸ்வரனுக்கு மனப்பாடம்.

இரண்டாம் இடம் என்றால் கேதீஸ்வரன்தான். சங்கக்கடை வரிசையில் தப்பித்தவறி அவன் முதல் ஆளாக நின்றால்கூட, பின்னால் நிற்பவர் "தம்பி, மறந்துபோனீரோ?" என்று கேட்டுவிட்டு முன்னால் போய் நிற்பாராம்.

இந்த வருடத்தோடு முழங்கால் விடைகேட்டுவிட்டது. இன்றைக்கு இல்லையென்றால் இனி இல்லை. சந்தியில், பந்தயம் முடியும் கோட்டடியில், மனைவி கஜந்தினி போனைப் பிடித்தபடி நிற்கிறாள். முதலாவதாக வரும் புருஷனை ஒருதடவையாவது படம் எடுக்க வேண்டுமாம்.

அப்போது பறைச் சத்தம் கேட்டது.

இடப்பக்கத்து வளவின் படலை திறந்தது. ஒரு பாடை தெருவில் ஏறி, சந்திப் பக்கம் திரும்பி, அவனுக்கு முன்னால் ஆறுதலாகப் போகத் தொடங்கியது.

கனகலிங்கத்தாரின் வளவு. மனிதர் நேற்றுப் போய்விட்டார் என்று காலையில் கதைத்தார்கள். அவரும் பந்தயக்காரர்தான். அந்தக் காலத்தில் றலி சைக்கிளில் ஓடி ஓடி இரண்டாம் இடத்திலேயே குடியிருந்து, பிறகு அந்த இடத்தைக் கேதீஸ்வரனிடம் பத்திரமாக ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியவர்.

கேதீஸ்வரன் பிறேக் பிடித்தான். இறங்கினான். ஹெல்மெற்றைக் கழற்றி ஹாண்டிலில் கொளுவினான்.

பிரேதத்தை முந்துகிறவன் இந்தப் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் நெடுநாள் இருந்திருக்க மாட்டான்.

என்றாலும் வலப்பக்கம் ஓர் இடைவெளி இருந்தது. ஒரு சைக்கிள் போகும். கேதீஸ்வரனின் கண் அதற்குள் ஒருமுறை போய்வந்தது.

செத்தவரின் மச்சான் சீவரத்தினம் அதைக் கண்டுவிட்டார்.

"அவசரமெண்டால் முந்தும் தம்பி. பிறகு சுடலையிலையும் நீர்தான் முதல்."

கேதீஸ்வரன் கண்ணைத் திருப்பி எடுத்துக்கொண்டான்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தான். பந்தயச் சப்பாத்து தார்த் தெருவில் குதிரைக் குளம்புபோல டக், டக் என்றது. பறையின் தாளத்தைக் குழப்பிவிடாமல் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தான்.

சற்று நேரத்தில் பின்னால் இன்னொரு டக், டக். றிம்ஸான்.

கேதீஸ்வரன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். எதிர்க்காற்றை முகத்தில் வாங்கி வாங்கிச் சேர்த்த தூரமெல்லாம் ஒரு பாடையின் பின்னால் கரைந்துபோயிற்று. இனிக் கோட்டுக்குக் கிட்ட றிம்ஸான் ஓர் எட்டு எட்டி வைத்தால் முடிந்தது.

றிம்ஸான் குரலைத் தாழ்த்தினான்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. உங்கடை பின்சில்லுக்குப் பின்னாலைதான் என்ரை முன்சில்லு. கோடு வரைக்கும் இப்பிடித்தான்."

"ஏன்ரா?"

"மய்யித்து குறுக்கை வந்ததாலை நான் கப் வாங்கினனெண்டால் வாப்பா எனக்குச் சோறு தரமாட்டார்."

அதன் பிறகு வந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒற்றை விரலால் தூக்கக்கூடிய சைக்கிள்களோடு கொழும்பிலிருந்து வந்தவர்கள்கூட, அவற்றை மாட்டைப்போலப் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்தார்கள். கனகலிங்கத்தாருக்கு இவ்வளவு சனமா, அதுவும் எல்லாரும் அரைக் காற்சட்டையிலா என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்கள் அதிசயப்பட்டார்கள்.

சந்தியில் சுண்ணாம்புக் கோட்டுக்கு மேலே சிவப்பு நாடா கட்டியிருந்தது. அதை அவிழ்ப்பதா, விடுவதா என்று நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கையில் பாடை வந்துவிட்டது. முன்னால் தோள்கொடுத்தவரின் நெஞ்சில் பட்டு நாடா அறுந்தது.

ஒலிபெருக்கிக்காரர் பழக்கதோஷத்தில், "முதலாவதாகக் கோட்டைத் தாண்டுபவர்" என்று தொடங்கிவிட்டார். தொடங்கியதைப் பாதியில் விடவும் முடியவில்லை.

"அமரர் கனகலிங்கம்" என்றார், மரியாதையாக.

கேதீஸ்வரன் இரண்டாவதாகத் தாண்டினான். றிம்ஸான் சொன்ன சொல் தவறாமல் மூன்றாவதாக. கஜந்தினி போனைக் கீழே இறக்கினாள்.

கோட்டுக்கு அங்கால் கொஞ்சத் தூரத்தில் பாடை நின்றது. தோள் மாற்றினார்கள். பிறகு இடப்பக்கத்து வயல் பாதையில் இறங்கி, வந்த திசைக்கே நடக்கத் தொடங்கினார்கள். பறை இப்போது கொஞ்சம் உசாராகக் கேட்டது. வரம்பில் நின்று சீவரத்தினம் ஒருமுறை திரும்பி, கேதீஸ்வரனைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

றிம்ஸானுக்கு விளங்கவில்லை.

"அண்ணை, உவை ஏன் திரும்பிப் போகினம்? சுடலை எந்தப் பக்கம்?"

கேதீஸ்வரன் பாடை போன பக்கம் கையைக் காட்டினான்.

"அந்தாளின்ரை வளவுக்குப் பின்னாலை" என்றான்.