மாப்புக் கேட்ட காலை

விடியற்காலை சுபஹ் தொழுகையிலேயே ஹபீலுக்கு ஓதல் தடுமாறியது. இன்றைக்கு ஒபரேஷன். இதயத்துக்குள் கட்டி.

"கான்சர் இல்லன்னு நீங்கதானே சொன்ன?" பிளேன்டீயை நீட்டியபடி கேட்டாள் மனைவி ஸுமைரா.

"கான்சர் இல்லதான். ஈக்கிற இடம் அப்படி. எடுக்கக்குள்ள ஒரு துணுக்கு உடைஞ்சு மூளைக்குப் போனா எல்லாம் முடிஞ்சிரும்."

பெரிய டொக்டர் நிற்பார்தானே என்று கேட்டாள். அவர் லீவு என்றான். அப்படியென்றால் இன்னொரு நாளைக்கு வைக்கக்கூடாதா என்று கேட்டாள்.

"கட்டி உள்ளுக்க ஆடிக்கிட்டு ஈக்குது. தள்ளிப்போட ஏலா."

அவன் பாதித் தேநீரைக் குடித்துவிட்டு மீதியை அப்படியே வைத்தான்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்பார்களே, அந்த மாதிரி இவனும் ஆரம்பித்துவிட்டான். முதலில் ஸுமைராவிடம் கேட்டான். பிறகு கலகெதரவில் இருக்கும் உம்மாவுக்குப் போன் எடுத்தான். உம்மா அழுது முடித்துவிட்டு துஆ ஓதினார்.

காணிச் சண்டையில் பேச்சை விட்டிருந்த அண்ணன் ஃபாஸில் நானாவிடமும் வெட்கத்தை விட்டுக் கேட்டான். போயிட்டு வா, அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்றார் நானா. கேட்டால் நெஞ்சு லேசாகும் என்று பார்த்தால், பாழாய்ப்போன பயம் இன்னும் கூடியது.

அம்பிட்டியவிலிருந்து கண்டிக்கு இறங்கும் வழியெல்லாம் வாய் ஓதிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் பச்சை உடுப்பை மாட்டிக்கொண்டான். தியேட்டர் கதவு திறந்ததும், திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தான்.

உள்ளே வேலாயி இருந்தார். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்துக்காரி, இந்த ஒரு வாரமாக வார்டில் கதைத்துப் பழகியவர். மாப்புக் கேட்க அவர் ஒருவர்தான் பாக்கி.

ஹபீல் அவர் காதருகே குனிந்தான்.

"அம்மா, என்னால ஏதும் பிழை நடந்தா மன்னிச்சுக்கொள்ளுங்க."

வேலாயி அவன் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தார்.

"கட்டி எனக்குத்தானே டொக்டர், நீங்க ஏன் பயப்படுறீங்க?"