நார் ஓடும் திசை

தம்பி ரூபனுக்காக ஜெசிந்தா வடிவமைத்த மர ஊன்றுகோல், அவன் எடையை ஏற்றியதும் கணினித் திரையில் இன்றும் சிவந்து முறிந்தது. ஒற்றைக் காலோடு பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஒவ்வொரு முறிவையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள், தான் கொடுத்த எண்களை மறுபடி சரிபார்த்தாள். மரத்துக்கு நார் ஓடும் திசையில் ஒரு பலம், குறுக்கே வேறு பலம். அவள் நாரைக் குறுக்காகக் கிடத்தியிருந்தாள். நிமிர்த்தி வைத்ததும் திரை நீலமானது. கோல் அசையாமல் நின்றது.

“தப்பு எம்மேலதாண்டா. நாரைக் குறுக்கக் குடுத்துட்டேன்.”

“அப்ப என் கனத்தால ஒடியலியாக்கா?”

“உன் கனத்துக்கு என்னடா?”

ரூபன், இன்றும் தொடாமல் மூடியே வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.