தங்கையின் தட்டு

ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆகியும் தங்கையின் கண்ணாடித் தட்டில் இருந்த செல்களில் புரதம் கூடிக்கொண்டே போனது. முந்நூற்றுப் பத்து என்றது கருவி. அக்கா வேறொரு கருவியில் வைத்துப் பார்த்தாள். அதிலும் முந்நூற்றுப் பத்து. அக்காவின் தட்டோ நாற்பதைத் தாண்டவில்லை.

செல்லுக்குள் புரதம் செய்வது ரைபோசோம். அது நின்றால் புரதமும் நின்றுவிடும். அதற்காகத்தான் அக்கா இரண்டு நாளாகக் காத்திருந்தாள். இந்த ஆய்வகத்தில் ஆறு வருடம் மாடாய் உழைத்தவள் அவள். இருந்த ஒரே நிரந்தர வேலையோ இப்போதுதான் சேர்ந்த தங்கைக்குப் போகப் பார்த்தது.

“அப்படிப் பாக்காதக்கா, கண்ணு பட்டுடும்” என்று தங்கை சிரித்தாள்.

பக்கத்தில் நின்ற பேராசிரியர் சிரிக்கவில்லை. “எந்தச் செல்லாலயும் இவ்வளவு முடியாது. இதுல என்னம்மா சேர்த்தே?”

“ஒண்ணும் சேர்க்கல சார்.”

“பொய் சொல்றவங்களுக்கு இங்க இடமில்ல. நாளைலேர்ந்து வராதே.”

தங்கை தன் பையை எடுத்தாள். அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், வேலை அவளுக்குத்தான். கருவியில் எண் முந்நூற்றுப் பன்னிரண்டு ஆனது.

“அவ சேர்க்கல சார்” என்றாள் அக்கா. “ரைபோசோமை நிறுத்துற விஷத்தை முந்தாநாள் நான்தான் அதுல ஊத்தினேன்.”