நாக்கு வில்லை

நாக்கில் ஒட்டிய வில்லை எழுபத்திரண்டு மணி நேரம் தாங்க வேண்டும். கல்யாணத்தன்று பிற்பகல் ஒட்டி எழுபது மணி நேரம்தான் ஆகியிருந்தது.

ஆய்வகத்தில் நானே செய்த வில்லை அது. மிளகாயின் காரத்துக்கு அச்செடுத்த பாலிமர். எதைச் சாப்பிட்டாலும் காரம் மட்டும் அந்த அச்சுக் குழிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும்; நாக்கில் உறைக்காது. மூலிகைச் சாறுகளைப் பிரிப்பதற்காகப் படித்த படிப்பு எனக்கு உதவியது இதற்குத்தான். பரமக்குடி மிளகாய் வியாபாரி வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், "காரம் சாப்பிடுவியாத்தா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டேன்.

மூன்று நாளாக அத்தை சமைத்ததையெல்லாம் பால்சோறு போலச் சாப்பிட்டேன். வேளைக்கு வேளை குழம்பு சிவந்துகொண்டே போனது. மாமா துண்டால் மூக்கைத் துடைத்தார். என் கணவர் செழியன் சொம்புத் தண்ணீரைத் தீர்த்தார். என் பொய் தெரியாதவரை சரி என்று நான் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.

இன்று மதியம் குழிகள் முன்னதாகவே நிரம்பிவிட்டன. சாதாரணக் குழம்பை நினைத்துக் கணக்குப் போட்ட விஞ்ஞானி நான். முதல் கவளத்திலேயே காது அடைத்தது. கண்ணீர் இலையில் சொட்டியது.

"அம்மா ஞாபகம் வந்துருச்சா தாயி?" என்று அத்தை முதுகைத் தடவினார்.

"எனக்குக் காரம் ஆகாது, அத்தை."

மாமாவின் கை பாதியில் நின்றது. அத்தை என் இலையையும் தன் இலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ ஆசையாத் திங்கிறியேன்னுல்ல அள்ளிப் போட்டேன். நாங்க மிளகா விக்கிறதோட சரி தாயி. இந்த வீட்ல ஒருத்தருக்கும் காரம் ஆகாது."