முன்வரிசை

போரில் இறந்த ஊர்க்காரர்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் அஞ்சலிக் கூட்டத்தில் வேதவல்லி பின்வரிசையில்தான் உட்காருவாள். முன்வரிசை, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு. அவள் மகன் கஜேந்திரன் எல்லையில் இருந்தான். அங்கே மறுபடியும் சண்டை மூண்டிருந்தது. நேற்றிலிருந்து அவனிடமிருந்து போன் வரவில்லை.

அவள் உட்காரப் போனபோது, கூட்டத்தை நடத்தும் ஓய்வுபெற்ற சுபேதார் மாசிலாமணி வேகமாக வந்தார்.

"முன்னாடி வந்து உக்காரும்மா."

"அங்க எதுக்குண்ணா? எம்புள்ள நல்லாத்தானே இருக்கான்?"

எப்போதும் முகத்துக்கு நேரே பேசுகிறவர், கையிலிருந்த போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே தரையைப் பார்த்தார்.

"வெயிலா இருக்குது. அங்கதான் நெழலு. வாம்மா."

பந்தலின் நிழல் பின்வரிசை வரைக்கும் விழுந்திருந்தது. வேதவல்லி பின்வரிசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் இருந்தவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். சென்ற ஆண்டு மகனை இழந்த நாகரத்தினம் மட்டும் திரும்பி அவளையே பார்த்தாள். பிறகு, பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியை முந்தானையால் மெதுவாகத் துடைத்தாள்.