சுவர் தட்டும் நிபுணர்

சுவரில் ஒரு தட்டுத் தட்டியே வீட்டின் ஆயுளைச் சொல்லிவிடக்கூடியவர், கம்பம் பள்ளத்தாக்கிலேயே சுயம்புலிங்கம் ஒருவர்தான். இதைச் சொன்னவரும் சுயம்புலிங்கம்தான்.

தேவாரத்தில் வீடு பார்க்க வந்த ஸ்டீவன் தயங்கினான். "வாங்குறதுக்கு முன்னாடி ஒரு இன்ஜினியரை விட்டுப் பாத்துருவோம்னு எங்க வீட்டுக்காரி ஜாய்ஸ் சொல்றா, அண்ணாச்சி. கைக்குழந்தையோட குடிவரணும்ல."

"அட, பொண்ணு பாக்கப் போகையில டாக்டரையா கூட்டிட்டுப் போனீக? அவன் மெஷினை வச்சு ஈரம்பான், விரிசல்ம்பான். குத்தம் கண்டுபிடிக்கன்னே படிச்ச பய! எங்கய்யா எந்த இன்ஜினியரைக் கேட்டு வீடு வாங்குனாக?"

புது வெள்ளையடித்த சுவரைத் தட்டிக் காட்டினார். "கேட்டீகளா? வெங்கலம் மாதிரில்ல கணீர்ங்குது!"

ஸ்டீவனுக்கே வெட்கமாகிவிட்டது. அங்கேயே அட்வான்ஸைக் கொடுத்தான்.

சுயம்புலிங்கம் அதைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மழை பெய்தால் அறைக்கு அறை சட்டி வைத்து அவர் குடியிருந்த வீடு ஒருவழியாகக் கைமாறியது.

மறுநாள் தேனியில், தான் வாங்கப்போகும் வீட்டு வாசலில் நின்று போனில் குரலைத் தாழ்த்தினார்.

"இன்ஜினியர் தம்பி, ஈரம் பாக்குற மெஷினை மறக்காமக் கொண்டாங்க. வீட்டுக்காரவுக ரொம்பப் பிரியமாப் பேசுறாக. அதான் பயமாயிருக்கு."